'தன்னுடையது' என்ற சொல்

'தன் கையே தனக்கு உதவி' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பிறரிடம் கை நீட்டாமல் வாழ வேண்டும் என்ற மான உணர்ச்சியில் பிறந்த வாக்கு அது. இன்று வைத்திய உலகில் அதே வாக்கு வேறு உருவில் ஒலிக்கிறது. 'உன் உடம்பே உனக்கு மருந்து' என்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! இனிமையான சொற்களிடம்தான் மனிதன் அதிக எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

மனிதக் கொழுப்பில், பலவகைத் திசுக்களாக மாறும் ஆற்றலுள்ள மூல உயிரணுக்கள் இருப்பதாக 2001-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். வேண்டாம் என்று கழிக்கப்பட்ட பொருளில் ஒரு புதையல்! நேர்மையான ஆராய்ச்சிகள் தொடங்கின. கூடவே கடைகளும் திறந்தன. வயிற்றுக் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி, நொதியால் கரைத்து, இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கும் உயிரணுக் கலவையை அதே மனிதரின் உடம்பில் ஊசியால் ஏற்றினார்கள். மூட்டு வலிக்கும் அதுவே. கண் நோய்க்கும் அதுவே.

2015-இல் புளோரிடா மாநிலத்தில், விழித்திரை சிதைந்து பார்வை மங்கிவந்த மூன்று மூதாட்டிகள் இந்தச் சிகிச்சைக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் 5,000 டாலர் கொடுத்தார்கள். ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசி போடப்பட்டது. சில நாட்களிலேயே விழித்திரை பிரிதலும் இரத்தக் கசிவும் தோன்றின. மங்கலாகவேனும் தெரிந்த உலகம் அவர்களுக்கு இருண்டு போயிற்று. 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. ஆராய்ச்சி ஒன்றில் பங்கு பெறுவதாக அவர்களில் சிலர் நம்பியிருந்தார்களாம்.

அந்த ஊசியில் இருந்தது அவர்களுடைய சொந்த உயிரணுதானே? ஆம். இரைப்பையில் ஊறும் அமிலமும் நம்முடையதுதான். அது நுரையீரலில் புகுந்தால் பொறுத்துக்கொள்ளுமா? இடம் மாறினால் உறவும் மாறுகிறது. இப்படிப் பிரித்தெடுக்கும் கலவை மருந்துதான், மருந்துச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று கலிபோர்னியா வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. 'தன்னுடையது' என்ற சொல் உரிமையைக் காட்டலாம், பாதுகாப்பைக் காட்டாது.

'நம்பிக்கை இழந்தவனுக்கு அதையாவது கொடுக்கக்கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெள்ளத்தில் போகிறவன் துரும்பைப் பிடிப்பதில் குற்றமே இல்லை. ஆனால் கரையில் நின்றுகொண்டு, துரும்பை ஓடம் என்று சொல்லி விலை பேசுகிறவனை என்ன சொல்வது?

பலன் தெரியாத சிகிச்சைக்கு உடம்பைக் கொடுப்பவர் ஒரு கொடையாளி. தமக்குப் பலன் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே, பின்னால் வருகிறவர்களுக்காக அவர் அறிவைச் சம்பாதித்துக் கொடுக்கிறார். வைத்தியர் அவருக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனுக்கு முறையான சோதனை கட்டுப்படுகிறது: முதலில் ஒரு கண்ணில் மட்டும் போட்டுப் பார்க்கும், ஆபத்தை மறைக்காமல் சொல்லும், தோற்றாலும் முடிவை உலகுக்கு அறிவிக்கும். பிறர் கொழுப்பின் உயிரணுக்களால் செய்த ஒரு குடல்நோய் மருந்துக்கு 2018-இல் ஐரோப்பா அனுமதி அளித்தது. பின்பு நடந்த பெரிய சோதனை அதன் பலனை உறுதி செய்யவில்லை. 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தத் தோல்வியில் ஒரு மானம் இருக்கிறது.

கொடையாளியிடமே கட்டணம் வாங்கும்போது இந்த உறவு தலைகீழாகிறது. கடன்பட்டவன் வியாபாரியாகிறான். அவன் கல்லாவில் வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே விலை. ஆகவே, உண்மை எதுவென்று அறிய அவனுக்கு அவசரமே இருப்பதில்லை. பார்வை இழந்த அந்த மூவரும் கொடுத்தது 5,000 டாலர் மட்டுமன்று. அவர்களிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டதும், ஊசி போட்டவர்கள் சொல்லி அல்ல. பிறகு அந்தக் கண்களைப் பரிசோதித்த வேறு வைத்தியர்கள் எழுதியதால்தான்.