உபரி யாருடையது?

2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் மூன்றரை சதவீதப் பங்குகளை மத்திய அரசு விற்றது. பங்கு ஒன்று 949 ரூபாய். கிடைத்த தொகை ஏறத்தாழ 20,500 கோடி. கோட்டக், எஸ்பிஐ கேப்பிடல், கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன் உள்ளிட்ட பத்து முதலீட்டு வங்கிகள் விற்பனையை நடத்திக் கொடுத்தன. அரசு தன் பங்கைத்தான் விற்றது என்பது ஒரு பார்வை. அதோடு பாலிசிதாரருக்குச் சேர வேண்டியதும் விலைபோனது என்றால், விலைபேசிக் கொடுத்தவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டா?

1956இல் 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி. உருவானபோது அரசு போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். பிறகு வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் பிரீமியப் பணத்தின் வளர்ச்சி. உபரியில் 95 சதவீதம் பாலிசிதாரருக்கு, மீதி 5 அரசுக்கு என்ற பங்கீடும் அதற்கு ஏற்றதாகவே இருந்தது. பெயரளவில் அரசு நிறுவனம். கணக்கில் பார்த்தால் உறுப்பினர்களின் சங்கம்.

2021 நிதிச் சட்டம் இந்தப் பங்கீட்டை மாற்றியது. ஒன்றாக இருந்த ஆயுள் நிதி இரண்டாகப் பிரிந்தது. லாபத்தில் பங்குபெறும் பாலிசிகளின் உபரியில் பங்குதாரரின் பகுதி படிப்படியாக 10 சதவீதம் வரை உயர வழி ஏற்பட்டது. பங்குபெறாத பாலிசிகளின் உபரியோ முழுவதும் பங்குதாரருக்கே. விளைவைக் காட்ட இரண்டு எண்கள் போதும். 2021 மார்ச் இறுதியில் எல்.ஐ.சி.யின் எம்பெடட் வேல்யூ, அதாவது பங்குதாரருக்குச் சேரும் என்று காப்பீட்டுக் கணிப்பாளர்களான ஆக்சுவரிகள் மதிப்பிட்ட தொகை, 95,605 கோடி. செப்டம்பர் இறுதியில் 5,39,686 கோடி. ஆறே மாதத்தில் முகவர்கள் ஐந்து மடங்கு பாலிசி பிடித்துவிடவில்லை. பிரிக்கும் கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான், அதைப் போல சுமார் 1.1 மடங்காக, மொத்த நிறுவனத்துக்கும் 6 லட்சம் கோடி என்று விலை வைக்கப்பட்டது.

எதிர்வாதம் லேசானதல்ல. எதிர்கால உபரியில் இத்தனை சதவீதம் உனக்கு என்று எந்தப் பாலிசிப் பத்திரமும் வாக்குக் கொடுக்கவில்லை. அறிவித்துவிட்ட போனஸ் எதுவும் பறிக்கப்படவில்லை. 90க்கு 10 என்பது தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் வழக்கமான பங்கீடுதான். காப்புத் தொகைக்கு அரசின் உத்தரவாதமும் தொடர்கிறது. பட்டியலிடாத காலம் பொற்காலமும் அல்ல: 2019இல் நலிந்து கிடந்த ஐடிபிஐ வங்கியின் 51 சதவீதத்தை எல்.ஐ.சி. தலையில் கட்டியபோது பாலிசிதாரரை யார் கேட்டார்கள்? பட்டியலிட்ட பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கணக்கைச் சந்தையின் முன் வைத்தாக வேண்டும். இது மெய்யான நன்மை.

ஆனாலும் இந்த வாதங்கள் எல்லாம் சேர்ந்து நிறுவுவது, அரசுக்கு அப்படிச் செய்ய அதிகாரம் இருந்தது என்பதை மட்டுமே. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஒரு பொது நிதியின் பலனை வேறொருவர் பக்கம் திருப்பும்போது ஈடு என்ன என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. பிரிட்டனில் நார்விச் யூனியன் 1997இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது உறுப்பினரான பாலிசிதாரர்களுக்கு இலவசப் பங்குகள் கொடுத்தது. அது சட்டப்படியே அவர்களுடைய நிறுவனம் என்பது உண்மை. இங்கே அந்தச் சட்ட உரிமை இல்லை. ஆனால் 95 சதவீத உபரி பெற்றவரை வெறும் வாடிக்கையாளர் என்று சொல்லவும் முடியாது. அவருக்குக் கிடைத்தது பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி. அதுவும் டிமேட் கணக்கு வைத்திருந்து, கையில் பணமும் இருந்தால்.

இனி வங்கிகள். சட்டத்தை அவர்கள் இயற்றவில்லை. விற்பவருக்கு நல்ல விலை, வாங்குபவருக்கு முழுத் தகவல், இவை இரண்டுமே தங்கள் கடமை என்பார்கள். ஊரில் நிலத் தரகர்கூட வில்லங்கம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பத்திரம் சுத்தமாக இருந்தும் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாமல் ஒதுங்கி நிற்பது தெரிந்தால், நேர்மையானவர் அதை விற்பவரிடமே எடுத்துச் சொல்வார். எல்.ஐ.சி. விற்பனையில் பங்காளிகள் கோடிக்கணக்கானவர்கள். சிலர் சென்னை உயர் நீதிமன்றம் வரை, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வெளியீட்டுக்குத் தடை கிடைக்கவில்லை. வழக்கு இருந்ததும் உபரிப் பங்கீடு மாறியதும் வங்கிகள் அறியாதவை அல்ல. விற்பனைக்கான ஆவணத்திலேயே மாற்றம் விளக்கப்பட்டிருந்தது. ஆனால் அது பங்கு வாங்குபவருக்காக எழுதப்பட்ட ஆவணம். அவருக்கு அந்த மாற்றம் ஒரு கவர்ச்சி. அதே மாற்றத்தால் இருபதாண்டு பாலிசி வைத்திருப்பவரின் எதிர்கால போனஸ் எவ்வளவு குறையக்கூடும் என்ற கணக்கை அவர் கையில் கொடுப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்தை விற்றுத்தரக் கட்டணம் வாங்கும் வங்கிக்கு அந்த வேலையையும் கட்டாயமாக்கலாம். ஆக்சுவரிகளிடம் அதற்கான எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.