முதலில் பெயர், பிறகு சுரங்கம்

தாபோடியிலும் அதைச் சுற்றியும் வளர்ந்து, புணே கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் பவனா ஆறு முளாவோடு கலக்கிறது. கடல் சகியாத்ரி மலைக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் ஆழ்கடலில் இப்போது நடக்கவிருப்பதற்கு நீங்களும் பொறுப்பு.

மத்திய இந்தியப் பெருங்கடலின் அடியில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உலோக உருண்டைகளை ஆராயும் ஒப்பந்தம் 2002 முதல் நம் நாட்டிடம் இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு கலந்த உருண்டைகள் அவை. உருளைக்கிழங்கு போல வண்டலின் மேல் கிடக்கின்றன. சில மில்லிமீட்டர் வளர அவற்றுக்குப் பத்து லட்சம் ஆண்டு வேண்டும். சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வராஹா எனும் சுரங்க எந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் நகர்ந்து காட்டியது. அது பெருமைப்பட வேண்டிய பொறியியல்தான். ஆனால் எந்திரம் ஏறிப்போகும் அந்தச் சேற்றில் இறால், நண்டுகளின் உறவான கோப்பிபாட், ஆம்பிபாட், ஐசோபாட் போன்ற சிற்றுயிர்கள் வாழ்கின்றன. பல ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயரே இல்லை. இதே உருண்டைகள் கிடக்கும் பசிபிக்கின் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வெளியான கணக்கெடுப்பு அங்கே 5,578 இனங்கள் பதிவாகியிருப்பதாகவும், ஏறத்தாழ பத்தில் ஒன்பது அறிவியலுக்குப் புதியவை என்றும் சொன்னது. பெயரில்லாத உயிர் அழிந்தால் அழிந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக வாதாடவும் முடியாது.

ஆழ்கடல் கப்பலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கை பழகுவதற்குக் கப்பல் தேவையில்லை. புணேயைச் சுற்றிய பாறைப் பீடபூமிகளில் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் குட்டைகளைப் பாருங்கள். வெயிலில் குட்டை வற்றினாலும், காய்ந்த மண்ணுக்குள் முட்டையாகப் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் ஃபேரி ஷ்ரிம்ப் எனும் சிற்றிறால் அங்கே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் சகியாத்ரியென்சிஸ் என்ற புதிய இனத்தை 2014இல் கிறிஸ்டோபர் ரோஜர்ஸும் சமீர் பாத்யேயும் விவரித்தார்கள். இந்தப் பேரினத்தில் ஆணின் உணர்கொம்பு அமைப்பை நுணுகிப் பார்த்தே இனம் பிரிக்க முடியும். கோப்பிபாடுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொரு காலையும் பிரித்து, கிளிசரினில் கிடத்தி, முள்ளுக்கு முள் எண்ணி வரைய வேண்டும். அந்தப் பயிற்சி ஐயாயிரம் மீட்டர் ஆழத்து உயிருக்கும் அப்படியே பொருந்தும்.

இனி ஒழுக்கம். தேதியும் இடமும் ஆழமும் எழுதாத மாதிரி குப்பை. அதை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு மரபணுவைக் கெடுக்காதீர்கள். ஒரு பங்கையாவது எத்தனாலில் வையுங்கள். கட்டுரை எண்ணிக்கைக்காக, பழைய மாதிரிகளோடு ஒப்பிடாமல் புது இனம் என்று அறிவிப்பது பொய் சொல்வதற்குச் சமம். பின்னால் வருபவர் அந்தப் பொய்யை அவிழ்க்கவே தம் ஆண்டுகளைச் செலவிடுவார். இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பல் வாரிவந்த ஆழ்கடல் இறால்களை விலங்கியலாளர் ஆல்காக் 1901இல் நூலாகப் பட்டியலிட்டார். அந்த நூலை இன்றும் சரிபார்க்க முடிகிறதென்றால், அவர் விவரித்த மாதிரிகள் கொல்கத்தா அருங்காட்சியகத்தில் சேர்ந்ததுதான் காரணம். உங்கள் மூலமாதிரியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். புதிய இனத்தைக் கண்டவர் அதை அறிவித்து, மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் 39ஆம் பிரிவிலேயே சொல்கிறது.

உடன் உழைத்தவரின் பெயரையும் மறைக்காதீர்கள். உங்கள் தாபோடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசுத் தாவரத் தோட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் கிப்சனுக்காக 1840களின் இறுதியில் வரையப்பட்ட செடிகளின் ஓவியங்கள் எடின்பரோவில் பத்திரமாக இருக்கின்றன. கிப்சன் பெயர் நிலைத்துவிட்டது. வரைந்த கலைஞர் யாரென்று தெரியவில்லை. வலை இழுக்கும் மாலுமி, மீன் ஏலத்தில் விநோத உயிரை எடுத்து வைத்துத் தரும் மீனவர், மாதிரி பிரிக்கும் உதவியாளர் ஆகியோருக்கும் அதே அநியாயம் உங்கள் கட்டுரையில் நடக்க விடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பில் வேலைகள் குறைவு என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. அதற்காகப் பிள்ளையைத் தடுக்காதீர்கள், பணியிடங்களைக் கேளுங்கள். 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்துக்கு ரூ. 4,077 கோடி ஒதுக்க முடிந்த நாட்டால், ஒவ்வொரு பயணத்திலும் வகைப்பாட்டு அறிஞர் ஒருவருக்கு இடம் தரவும் முடியும்.

தாபோடியில் லோக்கல் ரயில் ஏறினால் நான்காவது நிலையம் ஆகுர்டி. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மேற்கு மண்டல மையம் அங்கேதான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அங்கே போய்க் கேளுங்கள். வனத்துறை அனுமதி வேண்டிய இடங்களுக்கு அதையும் வாங்குங்கள். பிறகு வலையை எடுங்கள்.