ஐயம் வேறு, திரிபு வேறு

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி, விடைகள் விரைந்து வரும் ஊர். 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய இத்தொழில் நகரில் தமிழர் பலர் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணி செய்கின்றனர். கேள்வியைத் தட்டினால் நொடியில் பதில் திரையில் தோன்றும். அத்தகைய ஊரில் வாழும் ஒருவர், தம் உயிரைப் பற்றிய ஒரு விடைக்காக நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் என்ன செய்வார்?

நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஊசி மூலம் திசுவை எடுத்து ஆராய்ந்த மருத்துவர்கள், அது புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டனர். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிட்டது. ஆனால் நோய் எத்தகையது என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. ஹெர்-2 என்னும் புரதம் புற்றுநோய்ச் செல்களில் மிகுந்துள்ளதா என்று பார்த்த சோதனையில் '2+' என்று வந்திருக்கிறது. 0 அல்லது 1+ என்றால் மிகுதி இல்லை; 3+ என்றால் மிகுதி உண்டு; 2+ என்றால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே 'ஃபிஷ்' எனப்படும் மரபணுச் சோதனைக்குத் திசு அனுப்பப்பட்டுள்ளது.

இரவில் அவருக்கு உறக்கம் இல்லை. இதில் வியப்பு என்னவெனில், எந்த விடை வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஹெர்-2 மிகுந்த புற்றுநோய் வேகமாக வளரும் இயல்புடையது. ஆனால் அதையே குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதற்கு இணையான உயிரி மருந்தை 2014-இல் இந்தியாவில் வெளியிட்ட பயோகான் நிறுவனத்தின் தலைமையிடம் இதே எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கெட்ட செய்தியாக மட்டுமே இருந்த ஒரு விடை, இன்று சிகிச்சைக்கு ஒரு வழியையும் காட்டுகிறது. அவ்வாறாயின், எதை விரும்புவது? எதற்கு அஞ்சுவது?

இந்நிலையில் மனம் ஒரு காரியம் செய்கிறது. தெரியாமல் இருப்பதைப் பொறுக்க மாட்டாமல், தானே ஒரு விடையைப் புனைந்துகொள்கிறது. 'எல்லாம் முடிந்துவிட்டது' என்கிறது அச்சம். 'ஒன்றும் ஆகாது' என்கிறது அன்பு. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் ஒரே தவற்றைச் செய்கின்றன. அறியாத ஒன்றை அறிந்ததாகக் கொள்கின்றன.

நம் தருக்க நூலார் இதை நுட்பமாகப் பிரித்துக் காட்டினர். அந்தி மயக்கில் தொலைவில் ஏதோ நிற்கிறது. 'கட்டையோ, மனிதனோ' என்று எண்ணுவது ஐயம். கட்டையைப் பார்த்து 'இவன் திருடன்' என்று முடிவு செய்து ஓடுவது திரிபு. ஐயம் குற்றம் அன்று. கௌதமரின் நியாய சூத்திரம் கூறும் 16 பதார்த்தங்களில் மூன்றாவதாக ஐயத்திற்கே இடம் தரப்பட்டுள்ளது. ஏனெனில் ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. திரிபோ ஆராய்ச்சியை முடித்துவிட்டதாக ஏமாற்றுகிறது. காத்திருப்பவரை வருத்துவது பெரும்பாலும் ஐயம் அன்று. ஐயத்தைத் திரிபாக மாற்றும் அவசரமே.

இதற்கு ஆய்வுக்கூடமே நல்ல ஆசான். எடுத்த திசுவைக் குறைந்தது 6 மணி நேரமாவது ஃபார்மலின் திரவத்தில் வைக்க வேண்டும். 72 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது. பிறகு அதை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்கின்றனர். இதில் அவசரப்பட்டால் முடிவு பிழையாகும். அங்கும் ஐயம் எழும்போது, யாருடைய மனத்தையும் ஆற்றுவதற்காக '2+' என்பதை '1+' என்று எழுதுவதில்லை. 'இன்னும் தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதி, அடுத்த சோதனைக்கு அனுப்புகின்றனர். தாமதம் இங்கே அலட்சியம் அன்று. உண்மைக்குத் தரும் மரியாதை.

கடோபநிஷத்தின் நசிகேதனும் காத்திருந்தவனே. யமன் வீட்டில் இல்லாத மூன்று இரவுகள், உணவின்றி அவன் அவ்வாயிலில் இருந்தான். பின்னர் கிடைத்த மூன்று வரங்களுள் முதலாவதாக அவன் கேட்டது தன் தந்தையின் மன அமைதியை. மூன்றாவதாக, மரணத்திற்குப் பின் என்ன என்பதில் உள்ள ஐயத்தை அவன் ஐயமாகவே முன்வைத்தான். அதற்கு மாற்றாக யமன் தர முன்வந்த செல்வத்தையும் நீண்ட ஆயுளையும் அவன் ஏற்கவில்லை. இனிய ஆறுதலுக்காக ஐயத்தை விற்காதவனுக்கே உண்மை கிட்டியது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? அச்சமே வரக்கூடாது என்று எவரும் தம்மைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அச்சம் வரும். அது சொல்லும் தீர்ப்பை மட்டும் ஏற்காதிருந்தால் போதும். தெரிந்தவற்றைக் கொண்டு இன்றைய கடமையைச் செய்யலாம்: உண்ணுதல், உறங்க முயலுதல், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்தல். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. அஞ்சிச் சோதனைக்கே செல்லாமல் இருப்பது காத்திருத்தல் ஆகாது, அது தப்பித்தல்.

அன்பும் இங்கே தன் சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டும். தருமபுரியிலிருந்து தாயார் தொலைபேசியில் கேட்கிறார்: "என்ன கண்ணு, முடிவு வந்துவிட்டதா? ஒன்றும் இருக்காது என்று சொல்லு."

"இன்னும் தெரியவில்லை அம்மா. வியாழக்கிழமை தெரியும் என்கிறார்கள். அதுவரை எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு தாயார் சொல்கிறார்: "சரி கண்ணு. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன்."

'ஒன்றும் ஆகாது' என்பது எவராலும் காக்க இயலாத வாக்கு. 'நான் வருகிறேன்' என்பது காக்கக்கூடிய வாக்கு. முன்னது வராத நாளைப் பற்றியது. பின்னது கையில் உள்ள நாளைப் பற்றியது. வியாழக்கிழமை எந்த விடை வந்தாலும், பொய்யை நம்பிக் காத்திருந்தவர் அதைப் புதிதாகத் தாங்கத் தொடங்க வேண்டும். ஐயத்தோடு நேர்மையாக இருந்தவரோ, உண்மையோடு வாழ ஏற்கெனவே பழகியிருப்பார்.