பெயர் வைத்தால் போதுமா?

ஒன்றுக்குப் பெயர் சூட்டிவிட்டால் அதனை நாம் அறிந்துவிட்டோம் என்று சொல்லலாமா? வாசகரே, இது தத்துவ வகுப்பில் மாத்திரம் எழும் கேள்வியன்று. "அவர் இன்ன மாதிரி ஆள்" என்று ஒரே பேச்சில் அயலவரைப் பற்றி முடித்துவிடுகிறோமே, அங்கும் எழவேண்டிய கேள்வி இது. ஆனால் அயலவர் விடயத்தில் நமக்கு விருப்பு வெறுப்பு உண்டு. ஆகையால் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத ஓரிடத்தில், வெடிக்கும் விண்மீன்களுக்கு வானியலாளர் வகை குறிக்கும் இடத்தில், இதனை நோக்குவோம்.

சுப்பர்நோவா என்பது வெடித்துச் சிதறும் விண்மீன். சில வாரங்களுக்கு அது கோடிக்கணக்கான விண்மீன்களுக்கு ஈடாக ஒளிவீசும். எனினும் தொலைநோக்கியில் அது வெறும் புள்ளியே. புள்ளியைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? ஒளியைப் பிரித்தால் சொல்ல முடியும். அரியத்தினூடாகச் செல்லும் வெயில் வானவில்லாக விரிவதைப் பள்ளிக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். விண்மீனின் ஒளியையும் அவ்விதம் விரித்தால் அந்த நிறமாலையிலே கோடுகள் தோன்றும். ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கேயுரிய கோடுகள் உண்டு, மனிதனுக்குக் கைரேகை போல. உரோமையிலே புனித இஞ்ஞாசியார் ஆலயக் கூரையின் மீதிருந்த வானாய்வு நிலையத்திலிருந்து, ஏறக்குறைய 4,000 விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து வகுத்தவர் இயேசுசபைக் குருவான அஞ்சலோ செக்கி (1818-1878). இத்துறையின் முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

வெடிக்கும் விண்மீன்களை இவ்வாறு வகுத்தவர் ருடோல்ஃப் மின்கோவ்ஸ்கி. 1941 இல் அவர் கையில் இருந்தவை பதினான்கு. ஒன்பது ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்திருந்தன. அவற்றில் ஐதரசனின் தடயம் இல்லை. மற்றைய ஐந்தும் வேறு மாதிரி. முன்னவற்றை முதலாம் வகை என்றும் பின்னவற்றை இரண்டாம் வகை என்றும் அழைத்தார். அழைக்கும்போதே, இப்பெயர்கள் தற்காலிகமானவை என்றும் எழுதிவைத்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அம்மனிதரை மதிக்கத் தோன்றுகிறது.

ஏனெனில் 1980களில் முதலாம் வகைக்குள் அந்நியர் சிலர் இருப்பது தெளிவாயிற்று. அவ்வகையின் அடையாளமான சிலிக்கன் கோடு அவற்றில் தெளிவாக இல்லை. சிலிக்கன் உள்ளவை, வெண்குறளி எனப்படும் சிறிய, அடர்ந்த விண்மீன் அணுத்தீயில் வெடிப்பதால் உண்டாகின்றன. அந்நியரோ, இரண்டாம் வகையைப் போலவே, பாரிய விண்மீனின் உட்கரு இடிந்து வீழ்வதால் உண்டாகின்றவர். ஐதரசன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்களைப் பிறர் வீட்டில் குடியிருத்தியிருந்தார்கள். இரத்த உறவு மற்ற வீட்டோடு.

இதிலும் விசித்திரமானது 1993 இல் நடந்தது. மார்ச் 28 ஆம் திகதி ஸ்பெயின் நாட்டுப் பொழுதுபோக்கு வானியலாளர் பிரான்சிஸ்கோ கார்சியா, ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் கூட்டமொன்றில் புதிய புள்ளியைக் கண்டார். நிறமாலையில் ஐதரசன் தெரிந்தது. இரண்டாம் வகை என்று குறித்தார்கள். சில வாரங்கள் சென்றன. ஐதரசன் மெல்ல மெல்லப் பின்வாங்க, ஈலியத்தின் கோடுகள் முன்வந்தன. முதலாம் வகையிலிருந்து பிரித்த அந்நியரைப் போலவே அது காட்சியளித்தது!

விண்மீன் தன் குணத்தை மாற்றியதா? இல்லை. வெடிப்பு விரியும்போது மேற்போர்வை மெலிந்து ஒளியை ஊடுருவ விடும். பின்னரே உள்ளே இருப்பது தெரியும். இவ்விண்மீனின் ஐதரசப் போர்வையைப் பக்கத்துத் துணை விண்மீன் பெரும்பாலும் முன்னமே உரித்தெடுத்துவிட்டது. எஞ்சியது மெல்லிய தோல். அத்துணை விண்மீனுக்குரிய ஒளி அவ்விடத்தில் தென்பட்டதாக 2004 இல், பதினொரு ஆண்டுகள் கழித்தே, அறிவிக்கப்பட்டது.

அப்படியாயின் முதல் நாள் "இரண்டாம் வகை" என்று எழுதியவர் பொய் சொன்னாரா? நான் அப்படி எண்ணவில்லை. அவர் கண்டதை எழுதினார். ஐதரசன் இருந்தது மெய். "இதுவரை கண்டது இது" என்பது வேறு, "இது இதுதான்" என்பது வேறு. முன்னையது சாட்சியம், பின்னையது தீர்ப்பு. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதுதான் தொல்லை.

பெயரே வைக்காமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதுவும் ஆகாது. சிலிக்கன் உள்ள வகையின் ஒளியளவைக் கொண்டே பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்கிறார்கள். பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிவருகிறது என்று 1998 இல் இரு குழுவினர் கண்டதும் அவ்வளவையால்தான். பிற வகைகள் தவறுதலாக அதனுட் கலந்தால் கணக்கே பிழைக்கும்.

பெயரினால் நேரக்கூடிய பெரிய தீங்கு, பிழையான பெயரன்று; பெயர் வந்தபின் ஒருவரும் திரும்பிப் பாராமையே. 2014 செப்டெம்பரில் அகப்பட்ட ஒன்றை வழமையான இரண்டாம் வகை என்று குறித்தார்கள். ஏறத்தாழ நூறு நாட்களில் அது மங்கியிருக்கவேண்டும். மங்கவில்லை, ஐந்து முறையேனும் ஏறியிறங்கி, 600 நாட்களுக்கு மேல் ஒளிவிட்டது. "வழமையானது" என்ற பெயரோடு கோப்பை மூடியிருந்தால்?

இன்று இது பெரிய சங்கடமாகியுள்ளது. கலிபோர்ணியாவின் பலோமர் மலையிலுள்ள தொலைநோக்கி போன்றவை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதியவற்றைக் காண்கின்றன. சிலியின் வேரா ரூபின் நிலையம் 2025 இல் தன் முதற் படங்களை வெளியிட்டது. எண்ணிக்கை இனி மேலும் பெருகும். நிறமாலை எடுக்கவோ ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் வேண்டும். ஆகவே ஒளி கூடிக் குறையும் விதத்தை மாத்திரம் பார்த்து வகையை ஊகிக்கக் கணினிக்குப் பழக்குகிறார்கள். இன்ன வகையாக இருக்க இத்தனை வீதம் சாத்தியம் என்று கணினியும் சொல்கிறது. அது பயனுள்ள ஊகம்தான். ஆயினும் வகை குறிக்கும் பொதுப் பட்டியலில் நிறமாலை எடுக்கப்பட்டவை ஏறக்குறைய பத்தில் ஒன்றே; மற்றவற்றுக்கு எதிரே அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள்.