ஏழைக்கு உதவுதல் கருணையோ, கடனோ?

பசித்தவனுக்குச் சோறிடுதல் இடுவோனது கருணையோ, அன்றிப் பசித்தவனுக்குரிய பாத்தியமோ? இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஸ்கொட்லாந்து தேசத்திற் பெரியதொரு வாதத்தை விளைவித்தது. அத்தேசத்தில் ஏழைகளைப் பராமரித்தல் அக்காலத்துப் பெரும்பாலும் திருச்சபையின் கருமமாயிருந்தமையின், அவ்வாதம் சபையின் விதியையும் உடன் தொட்டது.

தோமஸ் சால்மர்ஸ் என்னும் குரு, ஏழைவரி அன்பைக் கெடுக்குமென்று போதித்தார். வரியிறுப்போன் மனமின்றிக் கொடுப்பான். பெறுவோன் நன்றியின்றிப் பெறுவான். சுற்றத்தார் தங்கடனை மறப்பர் என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்குமாறு 1819 முதல் 1823 வரை கிளாஸ்கோ நகரத்துச் சென் ஜோன்ஸ் கோயிற்பற்றிலே ஓர் ஒழுங்கை நடத்தினார். ஏறக்குறைய 10,000 சனங்கள் வசித்த அதனை 25 பகுதிகளாக்கிப் பகுதிக்கோர் உதவிக்காரரை நியமித்தார். உதவி கேட்டவன் வேலைசெய்ய வல்லனோ, அவனைத் தாங்கச் சுற்றத்தார் உளரோ, அயலார் உளரோ என்று அவர்கள் விசாரித்து, வேறு வழியில்லாதபோதே தேவாலய வாயிலிற் சேர்ந்த காணிக்கையினின்றும் கொடுத்தனர். ஆண்டுச்செலவு 1,400 பவுணிலிருந்து 280 பவுணாகக் குறைந்தது.

ஏழையின் வீட்டுக்கே சென்று அவனை அறிந்தமை மெச்சத்தக்கதே. ஆயினும், செலவு குறைந்ததனாற் பசியுங் குறைந்ததென்று துணிதல் எங்ஙனம்? விசாரணைக்கு நாணி வாய்மூடியிருந்தோரைக் கணக்கேடு காட்டாதன்றோ! எடின்பரோ வைத்தியராகிய வில்லியம் அலிசன் 1840 இல் எழுதிய நூலிலே, வறுமையினாற் காய்ச்சல் பரவுகின்றதாதலின், சட்டத்தால் நிச்சயிக்கப்பட்ட உதவி வேண்டுமென்று வாதித்தார். அயலானது அன்பு முதிருமளவும் பசி காத்திராதென்க.

1843 இல், குருமாரை நியமிக்கும் அதிகாரம்பற்றிய பிணக்கினாற் சபை பிளந்தது. 450 க்கு மேற்பட்ட குருமார் வெளியேறினர். சால்மர்ஸே அவர்க்குத் தலைவரானார். தமக்கு ஒவ்வாத குருவை மறுக்கும் பாத்தியம் சபையார்க்கு உண்டென்று வாதாடிய அவர், சட்டவழிச் சோறு கேட்கும் பாத்தியம் ஏழைக்கு உண்டென்று ஒப்புக்கொண்டிலர். பிளவுபட்ட சபை ஏழைகளைத் தாங்குதல் பின்னும் அரிதாயிற்று. 1845 இற் பிறந்த சட்டம் கோயிற்பற்றுத்தோறும் பராமரிப்புக் கழகங்களை ஏற்படுத்தியது. அதுவும் குறைவற்றதன்று, தேகபலமிருந்தும் வேலையில்லாதவனுக்கு அது பாத்தியங் கொடுத்திலது.

சட்டம் சோற்றைத் தரும், முகமலர்ச்சியைத் தராது. அன்பு இரண்டையுந் தரவல்லதெனினும், எல்லாரிடத்தும் எந்நாளும் நிலைப்பதன்று. ஆதலின், உயிர் நிற்றற்கு வேண்டுவதைக் கடனாகக் கொடுத்து, அதன்மேலன்றோ கருணையைத் தொடங்கல்வேண்டும்? கடனை இறுக்காது வைத்து, அதனையே தருமமென்று அளிப்போன் ஈகையாளனாகான். உதவிக்குரிய பிள்ளைகளின் பெயரை எழுதும் ஆசிரியர்களே, "இவன் தகுதியுடையனோ" என்று வினாவுமுன், "எமது வினா இவன் வாயை அடைத்ததோ" என்று வினாவுவீர்களாக.