தப்பு என்னுடையது



இந்த மாதம் ஒரு யுத்தத்தைப் பற்றி உங்களோடு பேசப்போகிறேன். "என்ன பாஸ்டர், வேதத்தை விட்டுட்டு சரித்திரப் பாடம் எடுக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். கடைசிமட்டும் வாசியுங்கள். இந்தச் சரித்திரம்தான் என்னை முழங்காலில் நிற்க வைத்தது.

நம் சபையில் கல்லூரியில் சரித்திரம் படிக்கிற ஒரு தம்பி, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய புத்தகம் ஒன்றை எனக்கு வாசிக்கக் கொடுத்தான். 1861 முதல் 1865 வரை ஒரே தேசத்து ஜனங்கள் வடக்கு, தெற்கு என்று பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட யுத்தம் அது. கறுப்பின மக்களை அடிமைகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. நாலு வருஷத்தில் 6,00,000 பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள், ஒரே தேவனிடத்தில் ஜெபம் பண்ணினவர்கள்!

இவ்வளவு சாவுக்கும் எதிரியின் பலம் மாத்திரம் காரணமல்ல. பல இடங்களில் சொந்தச் சேனாதிபதியின் தவறே காரணம். நாலு பேரைப் பாருங்கள்.

1. பயந்து தாமதித்தவர்

வடக்குச் சேனையின் தளபதி மெக்கிளெல்லன். 1862 செப்டம்பர் 13-ம் தேதி, எதிரித் தளபதி லீயின் யுத்தத் திட்டம் அப்படியே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த காகிதம்! லீயின் சேனை பல துண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. உடனே பாய வேண்டாமா? ஆனால் எதிரியின் சேனை மிகப் பெரிது என்று மனதில் ஒரு பயம். உண்மையில் இவருடைய சேனைதான் பெரிது. நாட்களைக் கடத்தினார். அதற்குள் லீ தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். 17-ம் தேதி ஆன்டீட்டம் ஓடை அருகே யுத்தம். அந்த ஒரே நாளில் இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அப்போதும் மெக்கிளெல்லன் சேனையில் ஒரு பெரும் பகுதியை இறக்காமல் பின்னாலேயே வைத்திருந்தார். லீ தப்பிப் போனார். யுத்தம் இன்னும் இரண்டரை வருஷம் நீண்டது.

2. கோபத்தில் கட்டளையிட்டவர்

தெற்குத் தளபதி ஹூட். யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர், ஒரு கை செயலற்றுப் போனவர். தைரியசாலிதான், சந்தேகமில்லை. 1864 நவம்பர் 29 இரவு, அவர் மடக்க நினைத்த வடக்குச் சேனை அவர் ஆட்கள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்து தப்பிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தவருக்கு வந்த கோபத்தை, கூட இருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே பிராங்க்ளின் என்ற ஊரில், திறந்தவெளியில் நேராகத் தாக்கச் சொன்னார். பீரங்கிகளில் பெரும்பகுதி இன்னும் வந்து சேரவில்லை. சுற்றிப் போய்த் தாக்கலாம் என்று ஃபாரஸ்ட் என்ற தளபதி சொல்லியும் கேட்கவில்லை. இருட்டி முடிவதற்குள் 6,000 பேருக்கு மேல் நஷ்டம். ஆறு ஜெனரல்கள் உயிரிழந்தார்கள். பிற்காலத்தில் ஹூட் எழுதின புத்தகத்தில் தன் கீழிருந்த அதிகாரிகளையும் சிப்பாய்களையும்தான் குறை சொன்னார்.

3. வீம்பு பிடித்தவர்

வடக்கின் பெரிய தளபதி கிராண்ட். யுத்தத்தை ஜெயித்துக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் 1864 ஜூன் 3-ம் தேதி கோல்ட் ஹார்பரில் அதிகாலையில் நேர்த்தாக்குதலுக்குக் கட்டளையிட்டார். முந்தின நாள் நடக்க வேண்டியது ஒரு நாள் தள்ளிப்போனதால், எதிரிகள் நன்றாகக் குழி வெட்டிக் காத்திருந்தார்கள். சிப்பாய்களுக்குத் தெரியும். நாளைக்குத் தங்கள் பிணத்தை அடையாளம் கண்டுபிடிக்க, பெயர் எழுதின காகிதத்தைக் கோட்டு முதுகில் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு அதிகாரி எழுதியிருக்கிறார். மறுநாள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சை உடைத்தது. காயம்பட்டவர்கள் இரண்டு சேனைக்கும் நடுவே வெயிலில் கிடந்தார்கள். அவர்களை எடுக்க வேண்டுமானால் வெள்ளைக்கொடியோடு முறைப்படி கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தோற்றதை ஒத்துக்கொண்டதாகும். கிராண்ட் தயங்கினார். முறைப்படி கேட்டே ஆக வேண்டும் என்று லீயும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் கடிதம் எழுதி எழுதி, 7-ம் தேதி சாயங்காலம்தான் முடிவு வந்தது. நாலு நாள்! அதற்குள் அநேகர் செத்துப்போனார்கள். ஒரு கௌரவத்துக்கு எத்தனை உயிர்! அந்தத் தாக்குதலுக்காக வருந்துகிறேன் என்று கிராண்ட் புத்தகத்தில் எழுதினது 1885-ல், தொண்டையில் புற்றுநோய் வந்து சாகப்போகும் நாட்களில்.

4. ஆலோசனையைத் தள்ளினவர்

இப்போது லீ. அவர் நின்ற பட்சம் அநியாய பட்சம், அதை நான் மறைக்கவில்லை. 1863 ஜூலை 3-ம் தேதி கெட்டிஸ்பர்கில், மேட்டில் நிற்கிற எதிரியை நோக்கி ஏறக்குறைய 12,500 பேரை வெட்டவெளியில் நடத்தத் தீர்மானித்தார். அவருக்கு அடுத்த தளபதி லாங்ஸ்ட்ரீட், இது ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். லீ கேட்கவில்லை. புறப்படும் நேரத்தில் லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் திறந்து உத்தரவு கொடுக்க முடியவில்லை, தலையை மாத்திரம் அசைத்தாராம். ஒரு மணி நேரத்துக்குள் பாதிப்பேருக்கு மேல் விழுந்தார்கள்.

ஆனால் லீ ஒன்று செய்தார். இரத்தம் ஒழுக ஒழுகத் திரும்பி வந்தவர்களுக்கு எதிர்கொண்டுபோய், தப்பு தன்னுடையது என்று அன்றைக்கே, அவர்கள் முகத்துக்கு முன்பாகவே சொன்னார். அடுத்த மாதம், என்னை விலக்கி வேறொருவரை நியமியுங்கள் என்று தங்கள் ஜனாதிபதிக்கு எழுதினார். அது ஏற்கப்படவில்லை.

தேவ பிள்ளைகளே, வேதத்திலும் இதே காரியம் உண்டு. யோவாப் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் தாவீது ராஜா யுத்தவீரரைத் தொகையிட்டான். 70,000 பேர் கொள்ளைநோயில் மாண்டார்கள். தவறு ராஜாவுடையது, பாடை ஜனங்களுடையது. ஆனால் தாவீது ஜனங்கள்மேல் பழிபோடவில்லை. குற்றம் செய்தவன் நானே என்று விழுந்தான். சவுலோ, கொள்ளையிட்ட ஆடுமாடுகளுக்கு ஜனங்களைக் காட்டினான். ராஜ்யபாரம் அவனை விட்டுப்போனது.

இனி என் காரியத்தைச் சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மாதத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தோம். நம் சபையில் கொத்தனார் வேலை செய்கிற ஒரு பெரியவர் வந்து, "ஐயா, தரை ஊறிக் கிடக்கு, கம்பு நிக்காது. தகரம் போட வேண்டாம், சபைக்குள்ளேயே வச்சுக்கலாம்" என்றார். "அண்ணே, அவிசுவாசமாப் பேசாதீங்க" என்று பத்துப் பேருக்கு முன்னால் அவர் வாயை அடைத்தேன். இரண்டாம் நாள் காற்றடித்தது. பந்தல் சரிந்தது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வாலிபத் தம்பிக்குக் கால் முறிந்தது. லாரி ஷெட்டில் கூலிக்குப் போகிற பிள்ளை. மூன்று மாதம் வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கபீடத்தில் நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாத்தான் இந்த ஊழியத்தை எதிர்த்துப் போராடுகிறான்" என்றேன். சபை ஆமென் சொன்னது. அந்தப் பெரியவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்தபின் அந்தத் தம்பியின் தாயார் என்னிடம் வந்து, "பாஸ்டர் ஐயா, கம்பை நடச் சொன்னது சாத்தானா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

ஹூட் புத்தகம் எழுதிப் பழிபோட்டார். நான் பிரசங்கம் பண்ணிப் பழிபோட்டேன். வித்தியாசம் என்ன?

புத்தகத்தில் அந்த நாலு நாள் கதையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எத்தனை வருஷம் வெள்ளைக்கொடி காட்டாமல் இருந்துவிட்டேன்! போன மாத உபவாச ஜெபத்தில் சபைக்கு முன்பாக, "தப்பு சாத்தானுடையது அல்ல, என்னுடையது" என்று அறிக்கையிட்டேன். அந்தத் தம்பி இழந்த மூன்று மாதக் கூலியைத் தவணையாகக் கொடுத்து வருகிறேன். பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை சொன்னா கேப்பீங்கல்ல, ஐயா?" என்றார். அவ்வளவுதான்.

அன்பானவர்களே, குடும்பத் தலைவனே, உன் வீட்டில் நீயும் ஒரு தளபதிதான். மனைவி வேண்டாமென்று அழுதும் நகையை அடகு வைத்து நஷ்டப்பட்டாயா? பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் ஒரு முடிவெடுத்து அதன் வாழ்க்கையைக் கெடுத்தாயா? "எல்லாம் சத்துருவின் கிரியை" என்று தப்பித்துக்கொள்ளாதே. காயம்பட்டவர்கள் இன்னும் வெளியிலே கிடக்கிறார்கள். சாகும் காலத்தில் எழுதலாம் என்று காத்திராதே. இன்றைக்கே, அவர்கள் முகத்துக்கு முன்பாக, உன் வாயினாலே சொல்லு. எழுப்புதல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கர்த்தர் தாமே நமக்குத் தாழ்மையுள்ள இருதயத்தைத் தருவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்