கருணையா, கடப்பாடா?

பிள்ளையின் சிகிச்சைக்குச் சமுதாயம் செய்யும் உதவி கருணையா, கடப்பாடா? வவுனியாவில் ஒரு தாயின் கைக்கு, 'இச்செலவு காப்புறுதிக்குள் அடங்காது' என்ற கடிதம் வரும்போது இப்பழைய கேள்வி மீண்டும் எழுகின்றது.

பலர் சிறுகச் சேர்த்த பணம், அவர்களுள் ஒருவருக்கு இடர் நேரும்போது உதவுவதே காப்புறுதி. நம் ஊர்களின் மரண உதவிச் சங்கங்கள் நெடுங்காலமாய் அறிந்த உண்மை இது. ஆனால் காப்புறுதிப் படிவம் நோயை வந்து போகும் விபத்தாகவே பெரும்பாலும் காண்கின்றது. பேச்சு வராத பிள்ளைக்கான பேச்சுச் சிகிச்சை அத்தகையதன்று. அது ஆண்டுக்கணக்கில் தொடர்வது. இழந்ததை மீட்பதன்று, இன்னும் பெறாததைப் பெறச் செய்வது.

2017இல் அரசாங்கம் தொடங்கிய 'சுரக்ஷா' மாணவர் காப்புறுதி நல்ல முயற்சியே. தொடக்கத்தில் அது 5 முதல் 19 வயது வரையான பாடசாலை மாணவரைத் தழுவியது. ஆனால் பேச்சும் நடையும் பயிற்ற ஏற்ற பருவம் 5 வயதுக்கு முற்பட்டதன்றோ? பாடசாலை வாசலையே மிதிக்க இயலாத பிள்ளை மாணவனாவது எங்ஙனம்? உதவி மிக வேண்டிய பிள்ளையே வரம்புக்கு வெளியே நிற்கின்றது.

இலவச வைத்தியம் உள்ள நாட்டில் காப்புறுதி எதற்கு எனச் சிலர் கேட்பர். இலவச வைத்தியம் நாம் பெருமை கொள்ளத்தக்கதே. எனினும், சிகிச்சைக்காக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் செல்ல நேரும் தாய்க்குப் பஸ் கட்டணம் இலவசமன்று. இழந்த நாட்கூலியை ஈடுசெய்வாரும் இலர்.

எல்லையின்றிக் கொடுத்தால் பொதுப் பணம் வற்றும் என்பர். மெய்தான்; எல்லை வேண்டும். ஆனால் அதனை எங்கே இடுவது என்பது கணக்கு மட்டுமன்று, அறமும் ஆகும். 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, சுகாதாரக் காப்புறுதியில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது.

ஆதலால் மேன்முறையீடு இரத்தல் அன்று. எந்த விதியின்படி மறுத்தீர் எனக் காரணம் கேட்பதும், வைத்தியரின் சான்றை முன்வைத்து மீளாய்வு கோருவதும் உரிமை. நிறுவனம் செவிசாயாவிடின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனை நாடவும் வழியுண்டு.

எழுத அறிந்தோர் எழுதுகின்றனர். அறியாதோர் கடிதத்தை மடித்து வைத்துவிடுகின்றனர். அக்கடிதத்தை விரித்து வாசித்து, அவர்களுக்காக மறுமொழி எழுத நம் ஆசிரியர்களும் வாசிகசாலைகளும் சங்கங்களும் முன்வர வேண்டும். கடப்பாடு என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்குகின்றது.